வடிவ கணிதத்தை வரைந்த ஓவியர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்)

முன்னுரை

கணிதத்திற்கும் ஓவியத்திற்கும் என்ன உறவு இருக்க முடியும்? ஒன்று அறிவின்பாற்பட்டது, மற்றொன்று உணர்வின்பாற்பட்டது. ஒன்றில் விடை ஒன்றே. மற்றொன்றில் பார்ப்பவர் தோறும் விடை வேறு. சென்ற ஆண்டு எங்கள் கணித மன்றத்தில் பேசுவதற்கு 'கணிதமும் ஓவியமும்' என்ற தலைப்பு என் பங்கிற்கு வந்து சேரும் வரையில் நானும் இப்படித்தான் எண்ணியிருந்தேன்.

தலைப்பைக் கேட்டதும் திகைத்துப் போனேன். நான் ஒரு கொத்தனாரின் மகன். எங்கள் வீட்டில் சுவரில் மாட்டியிருந்தது நாட்காட்டி ஒன்றுதான். ஓவியத்தைப் பற்றி நான் என்ன பேசுவது? பேராசிரியரிடம் சொன்னேன். "தேடிப் பாரப்பா, கிடைக்கும்" என்று சொல்லிவிட்டார்.

தேடினேன். ஓவிய நூல்களைப் புரட்டிக்கொண்டு வந்தபோது ஒரு வண்ணப்படம் என் கையை நிறுத்தியது. வெள்ளைப் பரப்பின் மேல் கரிய மெல்லிய கோடுகள். அவை ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் முக்கோணங்கள், வில்கள், பட்டைகள். அவற்றுள் சில மட்டும் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக நிரப்பப்பட்டிருந்தன. அது ஒரு நகரம் என்று கீழே எழுதியிருந்தது. வீடு இல்லை, தெரு இல்லை, ஆள் இல்லை. ஆனாலும் ஒரு பெரிய நகரத்தின் இரைச்சலும் நெரிசலும் அதில் இருந்ததை நான் உணர்ந்தேன். வரைந்தவர் பெயர் நாதிர் அபோன்சோ, போர்ச்சுகல் நாட்டவர். அவரைப் பற்றி நான் அறிந்தவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் பெயரும்

போர்ச்சுகலின் வடகோடியில், ஸ்பெயின் எல்லைக்கு அருகில், தாமெகா ஆற்றங்கரையில் ஷாவெஸ் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. உரோமானியர் கட்டிய பாலமும் வெந்நீர் ஊற்றுகளும் கொண்ட பழைய ஊர். அங்கே 1920ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் நாதிர் அபோன்சோ பிறந்தார். தந்தை ஒரு கவிஞர்.

குழந்தைக்கு 'ஒர்லாந்தோ' என்று பெயரிடவே வீட்டார் எண்ணியிருந்தனராம். பெயரைப் பதிவு செய்யப் போகும் வழியில் நாடோடி ஒருவர் 'நாதிர்' என்று வையுங்கள் என்று சொல்ல, அதுவே பெயராயிற்று என்பர். வானியல் படிப்போர் இச்சொல்லை அறிவர். நம் தலைக்கு நேர் மேலே வானில் உள்ள புள்ளி உச்சி. அதற்கு நேர் எதிராக, காலடிக்கு நேர் கீழே, பூமிக்கு அப்பால் உள்ள புள்ளிக்கு 'நாதிர்' என்று பெயர். அரபு மொழியிலிருந்து வந்த சொல் அது. இந்தப் புள்ளியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னால் ஒரு முறை தேவைப்படும்.

நான்கு வயதில் அவர் வீட்டுச் சுவரில் சிவப்பு வண்ணத்தால் ஒரு வட்டம் வரைந்தார். அது பிசிறில்லாத வட்டமாக இருந்தது என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் கூறப்படுகிறது. நான்கு வயதில் சுவரில் கிறுக்காத குழந்தை எது? ஆனால் அவர் வரைந்தது பூனையையோ பூவையோ அன்று, வட்டத்தை. பிற்காலத்தில் அவர் வாழ்நாள் முழுவதும் தேடியதும் அதுவே.

எழுத்தர் சொன்ன ஒரு சொல்

1938ஆம் ஆண்டு, பள்ளிப் படிப்பை முடித்த அந்த இளைஞர் ஓவியம் படிப்பதற்காகப் போர்ட்டோ நகரத்து நுண்கலைப் பள்ளிக்குச் சென்றார். விண்ணப்பத்தை வாங்கிய எழுத்தர், "இவ்வளவு படித்திருக்கும் நீ ஓவியத்திலா சேர்வது? கட்டடக்கலையில் சேர்" என்னும் கருத்துப்பட அறிவுரை கூறினார். இளைஞரும் அதைக் கேட்டுக் கட்டடக்கலையில் சேர்ந்துவிட்டார்.

இவ்விடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. நான் இக்கல்லூரியில் சேர வந்த நாள் நினைவுக்கு வந்தது. வேதியியல் படிக்க வேண்டும் என்று ஓர் எண்ணம் எனக்கு இருந்தது. ஆனால் விண்ணப்பத்தில் 'முதல் விருப்பம்' என்ற இடத்தில் என்ன எழுதினால் நல்லது என்று எனக்கும் தெரியவில்லை. வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு உடன் வந்திருந்த அப்பாவுக்கும் தெரியவில்லை. வரிசையில் முன்னால் நின்ற ஒருவர் என் மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, "கணக்குல நல்ல மார்க் இருக்கே, மேத்ஸே எழுது தம்பி" என்றார். எழுதினேன். அவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருகின்ற எங்களைப் போன்றோர்க்கு அந்த நேரத்தில் எதிரில் நின்று பேசுபவர் சொல்லே வேதம். நம்மில் பலருக்கு இத்தகைய அனுபவம் இருக்கும் என்று நம்புகிறேன்.

நிற்க. கட்டடக்கலை படித்தாலும் நாதிர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. போர்ட்டோவில் 'சுதந்திரர்' என்று தங்களை அழைத்துக்கொண்ட இளம் ஓவியர் குழுவோடு சேர்ந்து தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அந்நாளில் போர்ச்சுகல் சலசாரின் சர்வாதிகார ஆட்சியின் கீழ் இருந்தது. புதுமைக் கலைக்கு அங்கே இடம் குறைவு. துணிவுள்ள இளைஞர்கள் பாரிஸ் நகரத்தை நோக்கிப் புறப்பட்டனர். அவர்களுள் நாதிரும் ஒருவர்.

பெரியவர்களின் நிழலில்

1946இல் பாரிஸ் சேர்ந்தார். பிரேசில் நாட்டுப் பேரோவியர் போர்ட்டினாரியின் உதவியால் பிரெஞ்சு அரசின் உதவித்தொகை கிடைத்தது. அங்கே அவர் பணியாற்றியது யாரிடம் தெரியுமா? சண்டிகர் நகரத்தை வடிவமைத்தவர் என்று நாம் பொது அறிவு நூல்களில் படிக்கிறோமே, அந்த லெ கார்பூசியேயிடம்தான். 1948 வரையிலும், மீண்டும் 1951இலும் அவருடைய அலுவலகத்தில் நாதிர் பணியாற்றினார்.

லெ கார்பூசியே அப்போது 'மாடுலர்' என்னும் அளவு முறையை உருவாக்கிக்கொண்டிருந்தார். கணித மாணவர்களுக்கு இது சுவையான செய்தி. ஒரு மனிதனின் உயரம் 183 சென்டிமீட்டர் என்று கொள்க. அவனுடைய கொப்பூழின் உயரம் 113. கையை மேலே உயர்த்தினால் விரல் நுனி 226ஐத் தொடும். அதாவது 113இன் இரு மடங்கு. 183ஐ 113ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 1.62 வரும். பொன் விகிதம் என்று நாம் படிக்கும் 1.618 அதுவேயல்லவா! கதவின் உயரம், படியின் உயரம், அறையின் அகலம் யாவற்றையும் இவ்விகிதத்திலிருந்தே பெற வேண்டும் என்பது அவர் கொள்கை.

நாதிரின் உள்ளத்தை அறிந்த லெ கார்பூசியே, அவர் ஓவியம் தீட்டுவதற்காகக் காலை நேரங்களில் அலுவலகப் பணியிலிருந்து விலக்கு அளித்தார். காலையில் ஓவியம், பிற்பகலில் கட்டட வரைபடம். எத்தனை முதலாளிகளுக்கு இந்த மனம் வரும்?

பின்னர் 1950களின் தொடக்கத்தில் பிரேசில் சென்று, பிற்காலத்தில் பிரேசிலியா நகரத்தின் கட்டடங்களால் புகழ் பெற்ற ஆஸ்கர் நீமேயரோடு பணியாற்றினார். 1954இல் பாரிஸ் திரும்பினார். இருபதாம் நூற்றாண்டுக் கட்டடக்கலையின் இரு பெருந்தூண்களோடு பணியாற்றும் வாய்ப்பு முப்பத்துநான்கு வயதிற்குள் ஒருவருக்குக் கிடைத்தால் அவர் என்ன செய்வார்? அத்துறையிலேயே பெரும்புகழ் தேடுவார். நாதிர் அதைச் செய்யவில்லை.

"கட்டடக்கலை கலையன்று"

1948இல் பட்டத்திற்காகப் போர்ட்டோவில் அவர் அளித்த ஆய்வுரையின் தலைப்பே 'கட்டடக்கலை ஒரு கலையன்று' என்பது. கட்டடக்கலைப் பட்டம் வாங்க வந்தவன் கட்டடக்கலை கலையே அன்று என்றால் ஆசிரியர்கள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள்! அதனோடு அவர் அளித்த வரைபடம், லெ கார்பூசியேயின் அலுவலகத்தில் தாம் பணியாற்றிய சான் தியே நகரத்துத் தொழிற்சாலையின் வரைபடம்.

அவர் வாதம் இதுதான். ஒரு வீடு நன்றாக இருக்கிறது என்றால், அது யாருக்கோ பயன்படுகிறது என்று பொருள். மழை உள்ளே வரக்கூடாது, காற்று வரவேண்டும், படி ஏற எளிதாக இருக்கவேண்டும். இவையெல்லாம் மனிதனின் தேவையைச் சார்ந்தவை. தேவை மாறினால் நிறைவும் மாறும். ஆனால் ஒரு வட்டம் வட்டமாக இருப்பதற்கு யாருடைய தேவையும் வேண்டியதில்லை. எவர்க்கும் பயன்படாமலும் அது வட்டமே. கலையின் உயிர் அந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்றார் அவர். கட்டடம் பலர் சேர்ந்து செய்வது, பயனுக்காகச் செய்வது. ஓவியமோ வடிவங்களின் உறவுக்காகவே செய்வது.

ஆயினும் உடனே அவர் கட்டடக்கலையை விட்டுவிட முடிந்ததா? இல்லை. ஊர் திரும்பித் தம் பகுதியில் ரொட்டி ஆலைகள் உட்படப் பல கட்டடங்களை வடிவமைத்தார். 1965இல்தான் அத்தொழிலை முற்றிலும் துறந்தார். 1938இல் எழுத்தர் சொன்ன சொல்லிலிருந்து விடுபட அவருக்கு இருபத்தேழு ஆண்டுகள் ஆயின!

எல்லையற்ற வெளி

அவருடைய தொடக்க கால ஓவியங்களில் மனிதர்களும் தெருக்களும் இருந்தனர். 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவை மெல்ல மறைந்து வடிவங்கள் மட்டுமே எஞ்சின. 1950களின் நடுவில் பாரிஸில் டெனிஸ் ரெனே என்ற அம்மையாரின் கலைக்கூடத்தைச் சூழ்ந்து வாசரெலி முதலிய வடிவ ஓவியர்கள் திரண்டிருந்தனர். ஓவியத்திற்குள் இயக்கத்தைக் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் முயற்சி.

அக்காலத்தில் நாதிர் படைத்த வரிசையின் பெயரை 'எல்லையற்ற வெளி' என்று தமிழில் சொல்லலாம். சட்டத்திற்குள் அடைபட்ட ஓவியத்தில் கண் ஓரத்திற்குச் சென்றதும் நின்றுவிடுகிறது. ஓரமே இல்லாவிட்டால்? வரைந்த துணியை ஒரு விசைப்பொறியால் சுழலச் செய்தார் அவர். வடிவங்கள் ஒரு பக்கம் வந்துகொண்டும் மறுபக்கம் போய்க்கொண்டும் இருக்கும். தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. 1958இல் இது பாரிஸில் காட்சிக்கு வைக்கப்பட்டது. எண்கோட்டின் இரு முனைகளிலும் அம்புக்குறி இட்டு முடிவிலியைக் காட்டுகிறோமல்லவா? அந்த அம்புக்குறியை ஒருவர் பொறியாகவே செய்து காட்டியதாக எனக்குத் தோன்றியது.

அவர் சொன்ன விதி

நாதிர் வரைந்ததோடு நில்லாமல் எழுதவும் செய்தார். 1958இல் ஒரு நூலும், 1970இல் கலைப் படைப்பின் இயங்குமுறைகளைப் பற்றிய பெரு நூலும் வெளிவந்தன. ஒரு படைப்பில் நாம் உணரும் சிறப்புகளை அவர் நான்காகப் பிரிக்கிறார்: பயனுக்குப் பொருந்தும் நிறைவு, வடிவங்களுக்குள் நிலவும் இசைவு, வேறொன்றை நினைவூட்டும் ஆற்றல், முன்பு இல்லாத புதுமை. இந்நான்கினுள் இசைவே கணிதத்தன்மை உடையது. அதுவே கலையைக் கலையாக்குவது.

அப்படியானால் கலைஞன் தன் உள்ளத்து உணர்வைக் கொட்டுவதுதான் கலை என்கிறார்களே, அது? அதை நாதிர் ஏற்கவில்லை. இசைவின் விதி கலைஞனின் உள்ளத்தில் இல்லை; வடிவங்களுக்குள்ளேயே இருக்கிறது. கலைஞன் அதை உண்டாக்குவதில்லை; கண்டெடுக்கிறான் என்பதே அவர் கொள்கை.

எவ்வாறு கண்டெடுப்பது? இங்கேதான் நான் எதிர்பாராத விடை கிடைத்தது. நிறுவலால் அன்று, சூத்திரத்தாலும் அன்று. வடிவங்களோடு கையும் கண்ணும் நெடுங்காலம் உழைப்பதால் என்கிறார். ஆதி மனிதன் கல்லையும் மரத்தையும் செதுக்கிச் செதுக்கியே வட்டத்தையும் சதுரத்தையும் உணரக் கற்றான்; இலக்கணம் பின்னால் வந்தது. அதுபோலவே ஓவியனும் சிறு தாளில் வரைந்து, மாற்றி, வைத்திருந்து, மீண்டும் எடுத்து மாற்றி, எது இடம் மாறினால் எல்லாம் கெடுமோ அந்த நிலை வரும் வரையில் உழைக்கிறான். நாதிரின் ஓவியங்களுள் சில இப்படிப் பல ஆண்டுகள் அவர் கையில் இருந்தவை.

எல்லாவற்றிலும் அவரோடு என்னால் உடன்பட முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2008இல், எண்பத்தேழு வயதில், காலத்தைப் பற்றி ஐன்ஸ்டீனோடு வாதிடும் நூல் ஒன்றையும் அவர் வெளியிட்டார். சார்பியல் கொள்கையோ நுண்ணிய கடிகாரங்களைக் கொண்டு செய்த சோதனைகளால் மெய்ப்பிக்கப்பட்டது. அதில் நான் ஐன்ஸ்டீன் பக்கமே. விதி என்று ஒன்று இருந்தால் அதை எழுதிக் காட்ட முடியவேண்டும் என்ற எண்ணமும் கணித மாணவனாகிய என்னை விட்டுப் போகவில்லை. எழுதிக் காட்ட முடியாத விதியை எப்படி விதி என்பது? இந்தக் கேள்வியோடு சில நாள் இருந்தேன். விடை கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது.

மூலைமட்டமும் தூக்குக்குண்டும்

முதலாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில் அப்பாவோடு வேலைக்குப் போயிருந்தேன். புதிய வீட்டிற்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நூலில் மூன்றடி, மற்றொரு நூலில் நான்கடி அளந்து குறியிட்டு, இரண்டு குறிகளுக்கும் நடுவே ஐந்தடி வருகிறதா என்று பார்த்தார் அப்பா. வந்தது. "மூலைமட்டம் சரி" என்றார். நான் உற்சாகத்தோடு, "அப்பா, இது பிதாகரஸ் தேற்றம்! ஒன்பதும் பதினாறும் இருபத்தைந்து" என்று விளக்கத் தொடங்கினேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, "பேரெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. மூலை தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மூலைக்குப் போய்விட்டார்.

அன்று என் மனத்தில் இருந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அப்பாவிடம் இருப்பது வெறும் வழக்கம், என்னிடம் இருப்பதே அறிவு என்று எண்ணினேன். நிறுவல் என்னிடம் அல்லவா இருக்கிறது!

அதே வாரத்தில் ஒரு நாள். வேறொருவர் எழுப்பிக்கொண்டிருந்த சுவரை அப்பா தேநீர் குடித்தபடியே தூரத்திலிருந்து பார்த்து, "மேலே வெளிய சாயுது" என்றார். நான் அந்தச் சுவரின் பக்கத்திலேயே நின்றிருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார்கள். கீழே குண்டு சுவரை விட்டு அரை விரற்கடை விலகி நின்றது. யாரும் வியப்படையவில்லை. மேல் வரிசைகளைப் பிரித்துவிட்டு மறுபடியும் கட்டினார்கள்.

நாதிரைப் படித்த பிறகு அந்தச் சுவர் எனக்கு வேறு விதமாகத் தெரிகிறது. முப்பது ஆண்டு உழைத்த கண் அது. அந்தக் கண்ணுக்குள் வடிவ கணிதம் இருக்கிறது. அவரால் அதை எழுதிக் காட்ட முடியாது; ஆனால் அது தவறுவதில்லை. என்னால் எழுதிக் காட்ட முடியும். ஆனால் சுவர் சாய்வது எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் துணியவில்லை. ஒன்றை மட்டும் அறிவு என்றும் மற்றொன்றை வழக்கம் என்றும் நான் பெயரிட்டது தவறு.

முன்னே நினைவில் வைக்கச் சொன்ன புள்ளி இங்கே வருகிறது. தூக்குக்குண்டு எப்போதும் எந்தப் புள்ளியை நோக்கித் தொங்குகிறது? காலடிக்கு நேர் கீழே உள்ள அந்த நாதிர்ப் புள்ளியை நோக்கித்தான். எங்கள் வீட்டுக் கருவிப் பையில் அப்பெயர் நெடுநாளாகவே இருந்திருக்கிறது, நான்தான் அறியாதிருந்தேன்.

முடிவுரை

நாதிர் அபோன்சோ 2013ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், லிஸ்பனை அடுத்த கஸ்காயிஸ் நகரில், தம் தொண்ணூற்று மூன்றாம் வயதில் மறைந்தார். லிஸ்பன் நகரத்துச் சுரங்க இரயில் நிலையம் ஒன்றின் சுவர்களில் பீங்கான் ஓடுகளில் அமைந்த அவருடைய நகர ஓவியங்களைப் பயணிகள் நாள்தோறும் கடந்து செல்கின்றனர். அவர் பிறந்த ஷாவெஸ் நகரில், அதே தாமெகா ஆற்றங்கரையில், அவர் பெயரால் ஓர் அருங்காட்சியகம் 2016இல் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் ஆல்வரோ சீசா என்னும் புகழ்பெற்ற போர்ச்சுகல் கட்டடக் கலைஞர். ஆற்று வெள்ளம் புகாதவாறு சுவர்களின் மேல் உயர்த்தி நிறுத்தப்பட்ட வெண்ணிறக் கட்டடம். கட்டடக்கலை கலையன்று என்றவரின் ஓவியங்களைக் கடைசியில் ஒரு கட்டடமே காத்து நிற்கிறது!

எழுத்தர் சொன்ன சொல் அவருடைய இருபத்தேழு ஆண்டுகளை வீணாக்கியதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஓவியங்களில் உள்ள கோடுகள், கட்டட வரைபடங்களில் நாள்தோறும் பழகிய கையின் கோடுகள் என்றே நான் நினைக்கிறேன். வரிசையில் நின்ற முகமறியாதவர் சொல் கேட்டுக் கணிதம் எடுத்த எனக்கு இந்த எண்ணம் ஒரு தெம்பைத் தருகிறது. வேதியியல் போயிற்றே என்று இப்போது நான் எண்ணுவதில்லை.

மன்றத்தில் பேசி முடித்த வாரம், அந்த நகர ஓவியத்தின் படியை ஊருக்கு எடுத்துப் போய் அப்பாவிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கரிய கோடு ஒன்றின் மேல் விரலை வைத்து, அது போய் முடியும் இடம் வரை மெல்ல நகர்த்தினார். "இது செய்ய எத்தனை நாள் ஆச்சாம்?" என்று கேட்டார். சில படங்களுக்குப் பல வருடம் ஆகுமாம் என்றேன்.

"ஆகும்" என்றார் அப்பா.